யாரும் தேர்ந்தெடுக்காத படம்

எங்கள் இயங்குதளத்தின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் ஆபீஸ் வாட்ஸப் குழுவில் ஹம்பியின் கல் ரதம் வந்து நின்றுவிடும். யாராவது ஒருவர் சனி ஞாயிறில் போய் எடுத்திருப்பார். படம் நன்றாகத்தான் இருக்கும். மாலை வெயில், பளிச்சென்ற வானம், சக்கரத்தின் செதுக்கலை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். "மேடம், இதையே டிஃபால்ட் வால்பேப்பரா வெச்சிடலாமே?" என்று கேள்வி வரும். அடுத்தவர் மூணாறு தேயிலைத் தோட்டம் அனுப்புவார். இன்னொருவர் லடாக்கில் பைக்கோடு நிற்பார். எல்லாவற்றுக்கும் ஒரு லைக் போட்டுவிட்டு எதையும் எடுக்காமல் விட்டுவிடுவேன். எனக்குத் திமிர் என்று சிலருக்கு நினைப்பு. காரணத்தை ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி மாளவில்லை. எழுதி வைத்துவிட்டால் லிங்க்கை அனுப்பிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்கு: நான் பெங்களூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் டிசைனராக இருக்கிறேன். லினக்ஸ் அடிப்படையில் விண்டோஸ் போல ஓர் இயங்குதளம் செய்து பள்ளிக்கூடங்களுக்கும் சிறிய அலுவலகங்களுக்கும் கொடுக்கிறோம். ஐகான், தீம், லாகின் திரை, வால்பேப்பர் எல்லாம் என் பொறுப்பு. என் மாமியார் இதை "கம்ப்யூட்டருக்குப் படம் ஒட்டுற வேலை" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறார். பெரிதாகத் தப்பொன்றும் இல்லை.

டிஃபால்ட் வால்பேப்பரை, அதாவது யாரும் மாற்றாதவரை திரையின் பின்னணியில் தானாக இருக்கும் படத்தை, யார் பார்க்கிறார்கள் என்று முதலில் யோசிக்க வேண்டும். வால்பேப்பரில் ஆசை உள்ளவர்கள் கணினி வாங்கிய அன்றைக்கே மாற்றிவிடுவார்கள். குழந்தையின் பிறந்தநாள் போட்டோ, பழனி முருகன், பிடித்த நடிகர், ஏதாவது ஒன்று ஏறிவிடும். அவர்களுக்கு நான் வரைவது அரை நாள்கூடத் தாங்காது. மிச்சம் இருப்பவர்கள்தான் என் ஆட்கள். பள்ளி லேபில் மூன்று பேருக்கு ஒரு கணினி என்று உட்காரும் பிள்ளைகள், மருந்துக்கடையில் பில் போடும் பெண், கூட்டுறவு சங்கத்தின் கணக்கர். அந்தக் கணினி அவர்களுடையது அல்ல, மாற்றிப் பார்க்கத் தோன்றாது, சில இடங்களில் மாற்ற அனுமதியும் கிடையாது. தாங்கள் தேர்ந்தெடுக்காத ஒரு படத்தை வருடக்கணக்கில் பார்க்கப் போகிறவர்கள் அவர்கள். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் கடைகளில் வரிசையாகத் திறந்து வைத்திருப்பார்களே, அங்கே போய் நின்று பார்த்தால் புரியும். கடை முழுக்க ஒரே படம்.

ஹம்பி ரதத்துக்கு ஏன் இடமில்லை என்று சொல்ல விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சைக் குன்றிலிருந்து தொடங்க வேண்டும். நேஷனல் ஜியாகிரஃபிக்கில் நெடுங்காலம் படம் எடுத்த சார்லஸ் ஓ'ரியர் 1996 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் சொனோமா பகுதியில் காரில் போகும்போது வழியில் நிறுத்தி எடுத்தது. அது திராட்சை விளையும் பூமி. வேர்ப்பூச்சி தாக்கியதால் அந்தச் சரிவில் கொடிகளைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள், குளிர்கால மழைக்கு வெறும் புல் முளைத்திருந்தது. மமியா ஆர்இசட்67 கேமரா, ஃப்யூஜி வெல்வியா ஃபிலிம். கணினியில் தான் எதையும் திருத்தவில்லை என்று அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2000-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அதன் முழு உரிமையையும் வாங்கியது, 2001-இல் எக்ஸ்பியோடு உலகம் முழுக்கப் போனது. அதே இடத்தில் இப்போது மறுபடியும் திராட்சைதான். பூச்சி வராமல் இருந்திருந்தால் நமக்கெல்லாம் அந்தப் படம் கிடைத்திருக்காது.

அப்பா அப்போது ஸ்ரீராமபுரத்தில் டிடிபி கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, தமிழிலும் கன்னடத்திலும். கடைக்கு வரும் பைண்டிங் மாமா அந்தப் படம் ஊட்டிதான் என்று சாதிப்பார். கூடலூர் போகிற வழியில் அந்த மேடு இருக்கிறதாம், அவர் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறாராம். பத்திரிகை அடிக்க வந்த ஒரு கன்னடக்காரர் அதை சிக்மகளூர் பக்கம் என்றார். இரண்டு பேரும் கடை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டே வாதாடினார்கள். யாருக்கும் கலிஃபோர்னியா என்று தோன்றவில்லை. அந்தப் படத்தில் வீடு இல்லை, வேலி இல்லை, ஆள் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. பார்த்தவர்கள் எல்லோரும் தங்களுக்குத் தெரிந்த மேட்டை அதில் வைத்துக்கொண்டார்கள்.

கல் ரதத்தில் அப்படி எதையும் வைத்துக்கொள்ள முடியாது. அது ஹம்பி மட்டும்தான். கர்நாடக வாடிக்கையாளருக்குப் பெருமை, தமிழ்நாட்டுப் பள்ளியில் "ஏன் நம்ம தஞ்சாவூர் கோவில் இல்லையா?", கேரளாவில் வேறு கேள்வி. ஒரு கோவிலைப் போட்டால் அடுத்து மசூதியும் தேவாலயமும் எங்கே என்று கேட்பார்கள், கேட்பதும் நியாயம். எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடுக்கினால் அரசு காலண்டர் ஆகிவிடும். இந்த மாதிரிப் படங்களைக் கூடுதல் தொகுப்பில் வைக்கலாம், வைக்கிறோம். தேடிப் போய் எடுத்துக்கொள்பவருக்கு அது பரிசு. கேட்காதவர் முகத்துக்கு நேரே வைத்தால்தான் வம்பு.

இடத்தை விட்டுவிட்டு வெறும் வண்ணத்துக்குப் போனால் நிம்மதி என்று நினைப்பீர்கள். நம் ஊரில் வண்ணத்துக்கும் கட்சி உண்டு. எங்கள் டீமில் ஒரு பையன் விடியற்கால வானம் என்று அழகான கிரேடியன்ட் (ஒரு நிறம் மெல்ல இன்னொரு நிறமாக மாறுவது) ஒன்று செய்திருந்தான். மேலே இருட்டு, கீழே சிவப்பு, நடுவில் லேசாகச் சூரிய வெளிச்சம். சேலத்துத் தம்பி ஒருவன் எங்கள் டெஸ்டிங்கில் இருக்கிறான். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "அக்கா, மேல கருப்பு, கீழ சிவப்பு, நடுவுல உதிக்கிற சூரியன். இதை எலெக்‌ஷன் நேரத்துல ஸ்கூலுக்கு அனுப்பினா நம்மள உள்ள வெச்சிடுவாங்க." வரைந்த பையன் போபால்காரன், பாவம், அவனுக்கு விளக்கவே கொஞ்ச நேரம் ஆனது. மேலே மஞ்சள், கீழே சிவப்பு என்று மாற்றினால் அது கன்னடக் கொடி. காவியும் பச்சையும் எங்கே போகும் என்று சொல்லவே வேண்டாம். கடைசியில் எல்லா இயங்குதளக்காரர்களும் நீலத்தில் போய் ஒதுங்குவதில் ஆச்சரியமில்லை, ஆனால் நீலத்துக்கும் நம் நாட்டில் அரசியல் இருக்கிறது. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் மட்டும் 2004-இல் பழுப்பு நிறத்தோடு வந்தது. அதைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. எனக்கு அந்தப் பழுப்பு பிடிக்கும். தூரத்திலிருந்து பார்த்தாலே இன்னாருடைய கணினி என்று தெரிந்தது, அதில் வேலை செய்தால் கண்ணும் வலிக்காது. 2010-இல் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறிவிட்டார்கள்.

இப்போது நான் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளும் விஷயத்துக்கு வருகிறேன். வால்பேப்பர் மேல் எழுத்து உட்கார வேண்டும். ஐகானுக்குக் கீழே வரும் பெயர் பெரும்பாலும் வெள்ளை எழுத்து, சுற்றிலும் மெல்லிய நிழல். ஆங்கில எழுத்தாக இருந்தால் பின்னணி கொஞ்சம் கலைந்திருந்தாலும் படித்துவிடலாம். தமிழுக்கு அப்படி இல்லை, நம்மிடம் புள்ளி இருக்கிறது. சாதாரண லேப்டாப் திரையில் ஐகான் எழுத்தின் புள்ளி என்பது ஒன்றிரண்டு பிக்சல், அவ்வளவுதான்.

வெயில் பட்ட இலைகள் நிறைந்த ஒரு படத்தை எடுத்து, மேலே "கணக்கு" என்று ஒரு ஃபோல்டர் வைத்துப் பாருங்கள். இலை மேல் மின்னும் வெள்ளைப் பொட்டும் எழுத்தின் புள்ளியும் ஒன்றோடொன்று கலந்துவிடும். "கணககு" என்று கண்ணுக்குப் படும். நட்சத்திரப் படம் என்றால் நேர் எதிர்த் தொல்லை. இல்லாத இடத்தில் புள்ளி முளைக்கும். "வரவு செலவு" என்று இருக்கும் ஃபோல்டரில் ரகரத்துக்கு மேலே ஒரு நட்சத்திரம் சரியாக உட்கார்ந்துகொண்டால் "வர்வு செலவு". ஆப்பிள் 2011-இல் லயன் இயங்குதளத்துக்கு ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தைப் போட்டது. பார்க்க அட்டகாசம்தான். அதன் மேல் தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்களை நிரப்பிப் பார்த்தவர்கள் அந்த அறையில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எங்களிடம் ஒரு பரிசோதனைப் படம் இருக்கிறது. டெஸ்க்டாப் முழுக்கத் தமிழ், கன்னடம், மலையாளம், இந்திப் பெயர்களோடு ஐகான்கள். எந்த வால்பேப்பர் வந்தாலும் முதலில் இதைத்தான் மேலே வைப்பேன். பெரும்பாலான படங்கள் அந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

அதனால் விதி என்று ஏதும் எழுதி வைக்காவிட்டாலும் நடைமுறையில் ஒன்று வந்துவிட்டது. ஐகான்கள் இடது மேல் மூலையிலிருந்து கீழே இறங்கும், அதனால் படத்தின் விஷயம் வலது பக்கம் இருக்கட்டும். இடது பக்கம் வெளிச்சமும் வேண்டாம், கும்மிருட்டும் வேண்டாம். வெள்ளை எழுத்து நிற்கிற அளவுக்கு நடுத்தரத்துக்குச் சற்றுக் கீழே. சிறு சிறு விவரம் ஏதும் கூடாது. விண்டோஸ் 10-இன் ஜன்னல் படத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் எவ்வளவு கணக்காகச் செய்திருக்கிறார்கள் என்று தெரியும். இடது பாதி கிட்டத்தட்டக் காலி, ஜன்னல் வலது ஓரத்தில். அது கணினியில் வரைந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். 2015-இல் ஜிமங்க் என்ற பெயரில் வேலை செய்யும் பிராட்லி மங்கோவிட்ஸின் குழு நிஜமாகவே ஒரு ஜன்னலைச் செய்து, ஸ்டூடியோவில் புகை போட்டு, லேசரையும் புரொஜெக்டரையும் பாய்ச்சி எடுத்தது. விண்டோஸ் 11-இன் நீலப் பூவோ நட்டநடுவில் உட்கார்ந்திருக்கும். அதற்கு ஏற்ற மாதிரி கீழ்ப்பட்டை ஐகான்களையும் அவர்கள் நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

சரி, விவரம் இல்லாத மென்மையான கிரேடியன்ட் போதும் என்று முடிவெடுத்தால் அடுத்த பூதம் கிளம்பும். அதற்குப் பேண்டிங் என்று பெயர். வானம் போல வழுவழுப்பாக மாற வேண்டிய நிறம் படிப்படியாகப் பட்டை கட்டிக்கொண்டு தெரிவது. டிசைனரின் ஐமேக்கில் தெரியாது, எஸ்.பி. ரோட்டு லேப்டாப்பில் தெரியும்.

கணக்கு எளிதுதான். ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட் என்றால் 256 படிகள். கரும் நீலத்திலிருந்து கொஞ்சம் வெளிர்ந்த நீலத்துக்குப் போகிற கிரேடியன்டில் அதில் 30 படிகள்தான் பயன்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1080 பிக்சல் உயரத் திரையில் ஒவ்வொரு படிக்கும் 36 பிக்சல் உயரத்தில் ஒரு பட்டை. இருட்டு நிறங்களில் நம் கண் இந்தச் சின்ன வித்தியாசத்தை நன்றாகவே பிடித்துவிடும். மலிவான லேப்டாப்புகளில் இருக்கும் டிஎன் வகைத் திரைகள் பல 6 பிட்தான். அவற்றில் 64 படிகள், நடுவில் உள்ளவற்றை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டி ஒப்பேற்றும். அந்த ஒப்பேற்றல் சரியாக நடக்காத திரையில் நம் கிரேடியன்ட் ஏழெட்டுப் பட்டையாகச் சுருங்கிவிடும். போதாததற்கு டிஎன் திரையைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் இருட்டு நிறங்கள் இன்னும் கறுத்து, சில சமயம் நெகட்டிவ் போலத் திரும்பிக்கொள்ளும். பள்ளி லேபில் தரையோடு தாழ்ந்த ஸ்டூலில் உட்காரும் பிள்ளைகள் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

இதற்கு மருந்து பழையது. 1984-இன் முதல் மேக்கின்டோஷ் திரைக்குக் கறுப்பும் வெள்ளையும் தவிர வேறெதுவும் தெரியாது. 512-க்கு 342 பிக்சல். ஆனாலும் அதன் டெஸ்க்டாப் சாம்பல் நிறம். ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாற்றி மாற்றி வைத்துச் சாம்பலாகத் தெரியவைத்தார்கள். எள்ளையும் அரிசியையும் கலந்து முறத்தில் பரப்பி வாசலிலிருந்து பார்த்தால் எப்படியோ, அப்படி. 8-க்கு 8 பிக்சல் கட்டம் ஒன்றை வரைந்து திரை முழுக்க அடுக்கிக்கொள்ளும் வசதியும் அதில் இருந்தது. வால்பேப்பரின் மூதாதை அதுதான். நாற்பது வருடம் கழித்து நானும் அதையே செய்கிறேன். 16 பிட்டில் கிரேடியன்டை வரைந்து, 8 பிட்டுக்கு இறக்குவதற்கு முன்னால் அதன் மேல் மிக மெல்லிய இரைச்சலை, அதாவது தாறுமாறாக விழும் சின்னச் சின்ன நிற வித்தியாசங்களை, தூவுகிறேன். பட்டையின் விளிம்பு கலைந்துபோய்க் கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரியும். கிட்டே போய்ப் பார்த்தால் நுண்மணல்.

இந்த மணலுக்கு ஒரு விலை உண்டு. ஒழுங்கான கிரேடியன்டை பிஎன்ஜி கோப்பாகச் சேமித்தால் கையடக்கமாகச் சுருங்கிவிடும். இரைச்சல் தூவியதும் சுருக்குவதற்கு ஒழுங்கு என்று ஏதும் இல்லாமல் போய், கோப்பு பல மெகாபைட்டுக்கு வீங்கும். சரி, ஜேபெக்கில் சேமிக்கலாம் என்றால் அது நாம் பார்த்துப் பார்த்துத் தூவிய இரைச்சலைத்தான் முதலில் வழித்தெறியும், பட்டை திரும்பி வந்துவிடும். விண்டோஸில் இன்னொரு கூத்து. நாம் கொடுக்கும் ஜேபெக் வால்பேப்பரை அது தானாக மறுபடி 85 சதவீதத் தரத்துக்கு அமுக்கிச் சேமித்துக்கொள்ளும். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் எங்கள் மேனேஜருக்கு இயங்குதளத்தை இறக்கிக்கொள்ளும் ஐஎஸ்ஓ கோப்பின் அளவில் ஒவ்வொரு மெகாபைட்டும் அவர் கைக்காசு. லினக்ஸுக்கு டெஸ்க்டாப் செய்யும் க்னோம்காரர்கள் தங்கள் வால்பேப்பர்களை ஜேபெக் எக்ஸ்எல் வடிவத்துக்குக் கொண்டுபோனதை அவருக்குக் காட்டித்தான் நானும் சம்மதம் வாங்கினேன். 8 பிட்டுக்கு மேலும் அது தாங்கும், கோப்பும் சிறியது. திரையில் விரித்த பிறகு எல்லாம் ஒன்றுதான் என்பது வேறு விஷயம். 3840-க்கு 2160 படம் நினைவகத்தில் பிக்சலுக்கு 4 பைட் வீதம் ஏறக்குறைய 33 மெகாபைட் பிடிக்கும், கோப்பு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. 2 ஜிபி ரேம் வைத்துக்கொண்டு முனகும் பழைய கணினிகளுக்கு அதனால்தான் சிறிய அளவில் தனியாக ஒன்று தருகிறோம்.

ஓரங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் 16-க்கு 9 விகிதத்தில், 3840-க்கு 2160 பிக்சலில் வரைகிறேன். அரசு அலுவலகங்களில் இன்னும் உயிரோடிருக்கும் 1280-க்கு 1024 மானிட்டரில் அது வரும்போது என் படத்தின் இரு பக்கமும் 570 பிக்சல் வீதம் வெட்டுப்படும். அகலமான 3440-க்கு 1440 மானிட்டரில் மேலும் கீழும் ஏறக்குறைய 275 போய்விடும். இரண்டிலும் தப்பிப் பிழைக்கும் நடுப்பகுதிக்குள்தான் முக்கியமானதெல்லாம் இருந்தாக வேண்டும். ஆனால் ஐகானுக்காக விஷயத்தை வலது ஓரத்துக்குத் தள்ளு என்று மேலே நானேதான் சொன்னேன். இந்த இரண்டுக்கும் நடுவில் மல்லுக்கட்டுவதுதான் பாதி வேலை. உருவம் என்று ஒன்று இல்லாமல் கோடுகளும் அலைகளுமாகப் பெரும்பாலான இயங்குதளங்கள் போய்ச் சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், எங்கே வெட்டினாலும் தலை போகாது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு ஜூலியட் பெலின் வரைந்தவற்றைப் பாருங்கள். 2015-இல் ஜெஸ்ஸி, 2017-இல் ஸ்ட்ரெச், 2021-இல் புல்ஸ்ஐ, 2023-இல் புக்வார்ம் என்று நான்கு வெளியீடுகள் அவர் கைவண்ணம். எந்த விகிதத்துக்கு வெட்டினாலும் குலையாத வடிவங்கள். அந்தப் பொறுமை எனக்கு எப்போது வருமோ. உருவத்தை வைத்தே ஜெயித்த ஒன்று சொல்லுங்கள் என்றால் 2008-இன் உபுண்டு ஹார்டி ஹெரான் நாரை. அதை இன்னும் போட்டிருப்பவர்களை எனக்குத் தெரியும்.

டார்க் மோட் வந்த பிறகு எல்லாப் படமும் இரட்டைப் பிள்ளையாகிவிட்டது. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. க்னோம் 2022-இல் 42-ஆம் பதிப்பிலிருந்து இதை முறையாகவே வைத்தது. ஆப்பிள் 2018-இல் மொஹாவி பாலைவன மணல்மேட்டை நேரத்துக்கு நேரம் மாறும் 16 படங்களாகக் கொடுத்தது. எனக்கு இரவுப் படத்தில் பெரிய ஆர்வம் கிடையாது. பளபளப்பான திரை, பின்னால் ஜன்னல், மேலே டியூப்லைட் இருக்கும் வகுப்பறையில் இருட்டு வால்பேப்பர் முகம் பார்க்கும் கண்ணாடி. பிள்ளைகள் தலை வாரிக்கொள்கிறார்கள் என்று ஒரு டீச்சர் சொன்னார்.

உரிமம் பற்றி ஒரு வரி. நெட்டில் கிடைத்த "ஃப்ரீ" படத்தை எடுத்து வைத்துவிடலாம் என்று புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அன்ஸ்பிளாஷ் தளம்கூட 2017 ஜூனில் பொதுக்களத்துக்கு விடும் சிசி0 உரிமத்தை விட்டுவிட்டுத் தனி உரிமத்துக்கு மாறிவிட்டது. நாங்கள் மற்றவர்களும் எடுத்து மாற்றிக்கொள்ளட்டும் என்று இயங்குதளத்தை வெளியிடுகிறோம். ஆகவே படத்தோடு அதன் மூலக்கோப்பும் போக வேண்டும்.

வெறும் படம்தானே, இதில் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு 2020 ஜூன் மாதக் கதையைச் சொல்வேன். அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் ஒரு ஏரி, மேகம், சூரியன் மறையும் வெளிச்சம், அவ்வளவுதான் அந்தப் போட்டோ. அதை வால்பேப்பராகப் போட்ட சில ஆண்ட்ராய்டு 10 ஃபோன்கள் எழவே எழாமல் அணைந்து அணைந்து எரிந்தன. படம் சாதாரணத் திரைகளுக்கான எஸ்ஆர்ஜிபி என்ற நிறவெளியில் இல்லாமல் இன்னும் விரிந்த ஒரு நிறவெளியில் சேமிக்கப்பட்டிருந்தது. வெளிச்சத்தை அளக்கிற நிரல் 0 முதல் 255 வரைதான் எதிர்பார்த்தது, ஒரு பிக்சலின் கணக்கு 255-ஐத் தாண்டியதும் விழுந்துவிட்டது. ஃபோன் எழும்போதே வால்பேப்பரைத் திறக்கும், திறந்ததும் விழும், மறுபடி எழும். எடுத்தவர் ரசித்து எடுத்த படம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அன்றிலிருந்து எங்கள் படங்கள் எஸ்ஆர்ஜிபியில்தான் இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடுகிறது. சேலத்துத் தம்பிதான் எழுதினான்.

அடுத்த வெளியீட்டுக்கு என்ன வைக்கப் போகிறோம் என்று கேட்டால், லால்பாக் பாறை. வாக்கிங் போகிறவர்களுக்குத் தெரியும், கெம்பேகவுடா கோபுரம் நிற்கிற அந்த மொட்டைப் பாறை. சுமார் 300 கோடி வருடம் பழையது, தேசிய நிலவியல் சின்னம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அதன் மேல் எல்லோரும் நகரத்தைப் பார்த்து செல்ஃபி எடுப்பார்கள். நான் குனிந்து தரையை எடுத்துக்கொண்டிருந்தேன். செக்யூரிட்டி அண்ணன் ஏதோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்துக் கூடவே தேடத் தொடங்கிவிட்டார். நைஸ் வகைப் பாறை அது. வெளிர்ந்த பட்டையும் கறுத்த பட்டையுமாக மாறி மாறி ஓடும், சில இடங்களில் மாவு பிசைந்தாற்போல மடிந்து நெளிந்திருக்கும். மழை பெய்து ஓய்ந்த காலையில் அந்த நெளிவுகள் தெளிவாகத் தெரிகின்றன. போட்டோவை அப்படியே வைக்கவில்லை. கல்லின் பொரிப்பொரியான மேற்பரப்பில் தமிழ்ப் புள்ளி என்ன பாடுபடும் என்று சொல்லியாயிற்று. நெளிவுகளை மட்டும் இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் கோடாக இழுத்து, இடையில் கிரேடியன்ட் நிரப்பி, இடது பக்கம் நெளிவுகள் தளர்ந்து அகன்றுபோகும்படி விட்டேன். நிறம் ஈரக்கல்லின் சாம்பல் கலந்த பச்சை. எந்தக் கட்சியும் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆபீஸில் காட்டியபோது யாரும் லால்பாக் என்று கண்டுபிடிக்கவில்லை. ஒருவர் தேக்குப் பலகை என்றார். ஒருவர் ஆற்று மணல் என்றார். போபால் பையன் நர்மதை என்றான், பேடாகாட் பக்கம் போனால் இப்படித்தான் இருக்கும் என்று. நான் எதையும் மறுக்கவில்லை.

இன்னும் தீராத ஒன்று பாக்கி இருக்கிறது. ஓசூர் பக்கம் ஒரு பள்ளியில் கணினி ஆசிரியை எங்கள் பழைய வால்பேப்பரின் மேலேயே பெயின்டில் கணினி எண், லேப் டைம்டேபிள், "ஷட்டவுன் செய்யாமல் எழுந்து போகாதே" எல்லாம் எழுதி எல்லாக் கணினியிலும் போட்டு வைத்திருக்கிறார். பெரிய அலுவலகங்களில் பிஜிஇன்ஃபோ என்ற சின்னக் கருவியைக் கொண்டு கணினியின் பெயரையும் ஐபி முகவரியையும் வால்பேப்பரிலேயே அச்சிட்டு வைப்பார்கள், அவர் அதைக் கையாலேயே செய்துவிட்டார். சிவப்பு எழுத்து, மஞ்சள் கட்டம், என் கிரேடியன்ட் மேல். அவர் பக்கம்தான் நியாயம். சுவர் என்று இருந்தால் நோட்டீஸ் ஒட்டத்தான் செய்வார்கள். வலது கீழ் மூலையை அவருக்காகக் காலியாக விடலாமா, அல்லது அமைப்புகளிலேயே "வால்பேப்பர் மேல் குறிப்பு எழுது" என்று ஒரு வசதி தரலாமா என்று மேனேஜரிடம் கேட்டிருக்கிறேன். இரண்டாவதுக்கு ஆள் இல்லை என்கிறார். அதனால் அந்த மூலையில் இருந்த மடிப்புகளை இந்த வாரம் அழித்துக்கொண்டிருக்கிறேன்.